ரீட்ஈ லூப் பாதியில் நின்றுவிடுகிறது: கோப்பு முடியவில்லை, %ஈஓஎஃப் மட்டும் ஆன் ஆகிறது

#1 தெற்குவாசல்

அனைவருக்கும் வணக்கம். ஐபிஎம் ஐ 7.4 இயங்குதளத்தில் ஓடும், ஆர்பிஜி மொழியில் எழுதிய கணக்கறிக்கைப் புரோகிராம் ஒன்று சில மாதங்களுக்கு முன் என் பொறுப்பில் வந்தது. உதிரிபாகம் விற்கும் நிறுவனம் ஒன்றுக்காக, வாடிக்கையாளர் வாரியாக நிலுவையிலுள்ள இன்வாய்ஸ்களை வரிசையாக அச்சிட்டு அடியில் மொத்தம் போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வருகிறது. சிலருக்கு மட்டும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எட்டு இன்வாய்ஸ் உள்ளவருக்கு மூன்றுதான் அச்சாகிறது. மொத்தமும் அந்த மூன்றுக்கே போடப்படுகிறது. பிழைச் செய்தி இல்லை, ஜாப் லாகில் எதுவும் இல்லை, ஜாப் ஒழுங்காக முடிகிறது. தவறான தொகை வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்வதால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

லூப் இதுதான் (செட்எல்எல் கொடுத்த கீயில் கோப்பை நிறுத்தும், ரீட்ஈ அதே கீயுள்ள அடுத்த ரெக்கார்டைப் படிக்கும், அப்படி ஒன்று இல்லையென்றால் %ஈஓஎஃப் ஆன் ஆகும்):

செட்எல்எல் (வாடிஎண்) இன்வ்எல்1;
ரீட்ஈ (வாடிஎண்) இன்வ்எல்1;
டூ-வைல் நாட் %ஈஓஎஃப்;
   எக்ஸ்எஸ்ஆர் வரிகள்;
   இஃப் கெடுதேதி < இன்று;
      கால்பி தாமதம் (வாடிஎண் : குறிப்பு);
   எண்டிஃப்;
   எக்ஸ்எஸ்ஆர் அச்சிடு;
   ரீட்ஈ (வாடிஎண்) இன்வ்எல்1;
எண்ட்டூ;

இன்வ்எல்1 ஒரு லாஜிக்கல் கோப்பு, அதாவது இன்வாய்ஸ் ரெக்கார்டுகளைக் கீ வரிசையில் காட்டும் பார்வை. வாடிக்கையாளர் எண், இன்வாய்ஸ் எண் இரண்டும் சேர்ந்து அதன் கீ. "வரிகள்" என்ற சப்ரூட்டீன் இன்வாய்ஸின் உள்வரிகளை வேறொரு கோப்பிலிருந்து படிக்கிறது. "தாமதம்" தனிப் புரோகிராம். பல ஆண்டுகளாகப் பல இடங்களில் பயன்பட்டு வருவதால் அதில் சிக்கல் இருக்காது என்கிறார்கள்.

கமாண்ட் லைனிலிருந்து இந்தப் புரோகிராமை நேரடியாக அழைத்தால் அதே வாடிக்கையாளருக்கு எட்டும் வருகின்றன. இரவு பேட்ச் ஜாபில் ஓடும்போதுதான் குறைகிறது.

#2 மணல்மேடு

கண்ணில் பட்டதும் தெரிகிறது. %ஈஓஎஃப் என்று கோப்பின் பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லாவிட்டால், கடைசியாக எந்தக் கோப்பில் படிப்பு நடந்ததோ அதன் நிலையைத்தான் அது சொல்லும். "வரிகள்" சப்ரூட்டீன் உள்வரிக் கோப்பை முடியும்வரை படித்துவிட்டுத் திரும்புகிறது. அப்போது %ஈஓஎஃப் ஆன் ஆகிவிட்டது. லூப் முடிந்தது.

%ஈஓஎஃப்(இன்வ்எல்1) என்று மாற்றுங்கள். பெயர் இல்லாத %ஈஓஎஃப்பை எங்கள் குழுவில் அனுமதிப்பதே இல்லை.

#3 பச்சைத்திரை

மணல்மேடு சொல்லும் விதி சரி. ஆனால் இந்தப் பிழைக்கு அது காரணமில்லை. லூப்பை இன்னொரு முறை பாருங்கள். "வரிகள்" திரும்பிய பிறகு, சோதனைக்கு முன்னால், கடைசி வரியில் இன்வ்எல்1 மீது ஒரு ரீட்ஈ இருக்கிறது. அந்தப் படிப்பு %ஈஓஎஃப்பைப் புதிதாக எழுதிவிடும். டூ-வைல் சோதிப்பது அந்தப் புதிய மதிப்பை. உள்வரிக் கோப்பின் முடிவு அதற்குள் மறைந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு. சப்ரூட்டீன்தான் காரணம் என்றால் எல்லா வாடிக்கையாளருக்கும் முதல் இன்வாய்ஸிலேயே நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் உள்வரி இல்லாத இன்வாய்ஸே கிடையாது. இவருக்கோ சிலருக்கு எட்டும் வருகின்றன, சிலருக்கு மூன்று வருகின்றன. ஆகவே ஏதோ ஒரு நிபந்தனையைப் பொறுத்துத்தான் நடக்கிறது.

பெயரைச் சேர்த்துவிடுங்கள் தெற்குவாசல், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. நாளைக்கு யாராவது லூப்பை மாற்றி, படிப்புக்கும் சோதனைக்கும் நடுவே ஒரு சப்ரூட்டீனைச் செருகினால், மணல்மேடு சொன்னது அன்றைக்கே நடந்துவிடும். ஆனால் இன்றைய பிழை அதனால் போகாது.

இரண்டு தகவல் வேண்டும். லூப் எந்த இன்வாய்ஸுக்குப் பிறகு நிற்கிறது? அந்த இன்வாய்ஸ் கெடுதேதி தாண்டியதா? இரண்டாவது, "தாமதம்" புரோகிராம் எந்தக் கோப்பைத் திறக்கிறது? அது பழையது, நம்பகமானது என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதன் மூலத்தைத் திறந்து பாருங்கள்.

#4 புதுவரவு

இடையே ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். ஆர்பிஜி கற்கத் தொடங்கி சில மாதங்கள்தான் ஆகின்றன. என் பயிற்சிப் புரோகிராமில் கடைசி ரெக்கார்டு இரண்டு முறை அச்சாகிறது. கோப்பில் ஒன்றுதான் இருக்கிறது. டூ-அன்டில் %ஈஓஎஃப் என்று லூப் போட்டு, உள்ளே முதலில் ரீட், அடுத்து அச்சு. இதுவும் அதே வகைச் சிக்கலா?

#5 பச்சைத்திரை

வகை வேறு, மூலம் ஒன்று. கோப்பின் முடிவு கடைசி ரெக்கார்டைப் படிக்கும்போது தெரியாது. அதற்கடுத்த படிப்பு தோற்கும்போதுதான் தெரியும். நூறு ரெக்கார்டு இருந்தால் நூறாவது படிப்பு வெற்றி, %ஈஓஎஃப் ஆஃப். நூற்றியொன்றாவது படிப்புதான் அதை ஆன் செய்கிறது. தோற்ற அந்தப் படிப்பு உங்கள் புலங்களில் எதையும் நிரப்புவதில்லை, அழிப்பதும் இல்லை. நூறாவது ரெக்கார்டின் மதிப்புகள் அப்படியே கிடக்கும். டூ-அன்டில் சோதனை லூப்பின் அடியில் இருப்பதால் நடுவிலுள்ள அச்சு ஒரு முறை கூடுதலாக ஓடி, பழைய மதிப்புகளையே மறுபடி அச்சிடுகிறது. படித்த உடனே, வேறெதையும் செய்வதற்கு முன், முடிவைச் சோதியுங்கள்.

பழைய சுழற்சி முறையில் இந்தத் தொல்லையே இல்லை. 1959இல் 1401 இயந்திரத்துக்காக ஆர்பிஜி வந்தபோது ரீட் என்று யாரும் எழுதவில்லை. முதன்மைக் கோப்பைச் சுழற்சியே படித்தது, முடிந்ததும் எல்ஆர் என்ற கடைசி ரெக்கார்டு இண்டிகேட்டர் தானாக ஆன் ஆனது, மொத்தக் கணக்குகள் ஓடின, புரோகிராம் முடிந்தது. எந்தக் கோப்பின் முடிவைப் பொருட்படுத்த வேண்டும் என்பதைக் கோப்பு விவரத் தாளில் ஈ என்ற ஓரெழுத்தால் சொல்லிவிடுவோம். ஆர்பிஜி 3இல் 17ஆம் பத்தி, ஆர்பிஜி 4இல் 19ஆம் பத்தி. படிப்பை நாமே எழுதத் தொடங்கிய பிறகுதான் முடிவைக் கவனிக்கும் பொறுப்பும் நம்மிடம் வந்தது. முதலில் இண்டிகேட்டர் என்ற ஆன்/ஆஃப் குறிகள், 1998இல் வி4ஆர்2 பதிப்போடு %ஈஓஎஃப், %ஃபவுண்ட், %ஈக்வல்.

#6 மணல்மேடு

புதுவரவு, முன்படிப்பு போட்டு அடியில் மறுபடி படிக்கும் முறையை இன்றே கைவிட்டுவிடுங்கள். முடிவற்ற லூப் ஒன்று, உள்ளே ஒரே ஒரு ரீட், அதை ஒட்டி "இஃப் %ஈஓஎஃப்(கோப்பு); லீவ்; எண்டிஃப்;". ஒரு படிப்பு, ஒரு சோதனை.

முன்படிப்பு முறையின் உண்மையான ஆபத்து ஐடர். பிறகு வருகிறவர் லூப்பின் நடுவில் "ரத்தானதென்றால் ஐடர்" என்று ஒரு வரி சேர்ப்பார். ஐடர் நேராக எண்ட்டூவுக்குத் தாவும். அடியிலுள்ள ரீட்ஈ ஓடாது. அதே ரெக்கார்டு, அதே நிபந்தனை, மறுபடி ஐடர். இரவெல்லாம் ஜாப் சுற்றிக்கொண்டிருக்கும்.

#7 பச்சைத்திரை

ஐடர் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் முன்படிப்பு முறையைக் கைவிடச் சொல்வதை ஏற்கமாட்டேன். "ரெக்கார்டு இருக்கும்வரை" என்ற நிபந்தனை லூப்பின் தலையில் தெரிவது படிப்பவருக்குப் பெரிய உதவி. முடிவற்ற லூப்பில் வெளியேறும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது. முந்நூறு வரி லூப்பில் லீவ் மூன்று இடத்தில் இருந்தால் எது உண்மையான முடிவு? தேவையற்ற ரெக்கார்டைத் தவிர்க்க ஐடருக்குப் பதில் இஃப் போடுங்கள், அல்லது லூப்பின் உடலைத் தனிப் புரொசீஜராக்கி அதற்குள் ரிட்டர்ன் போடுங்கள்.

#8 மணல்மேடு

நீங்கள் ஒருவரே எழுதி நீங்களே பராமரிக்கும் புரோகிராமில் அது நடக்கும். முப்பது ஆண்டுகளில் பத்துப் பேர் கைவைத்த புரோகிராமில், அடுத்தவர் இஃப் போடுவாரா ஐடர் போடுவாரா என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. இதில் நாம் ஒத்துப்போகப்போவதில்லை. தெற்குவாசலின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

#9 தெற்குவாசல்

பச்சைத்திரை ஐயா, நீங்கள் கேட்டதுதான் சாவி. குறைவாக அச்சான எல்லா அறிக்கைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசியாக அச்சான இன்வாய்ஸ் கெடுதேதி தாண்டியது. அந்த வாடிக்கையாளரின் பட்டியலில் கெடுதேதி தாண்டிய முதல் இன்வாய்ஸும் அதுதான். ஒன்றுகூடத் தாண்டாதவர்களுக்கு எல்லாம் சரியாக வந்திருக்கிறது. அதாவது "தாமதம்" அழைக்கப்பட்டால், அடுத்த ரீட்ஈ தோற்கிறது.

அதன் மூலத்தில் முக்கியமான பகுதி இது:

செட்ஜிடி (வாடி) இன்வ்எல்1;
ரீட்பிஈ (வாடி) இன்வ்எல்1;
இஃப் நாட் %ஈஓஎஃப்(இன்வ்எல்1);
   கடைசித்தேதி = இன்வ்தேதி;
எண்டிஃப்;
ரிட்டர்ன்;

வாடிக்கையாளரின் கடைசி இன்வாய்ஸ் எப்போது என்று பார்த்து, அதற்கேற்ப நினைவூட்டுக் குறிப்பைத் திருப்பித் தருகிறது. இதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோப்பு ஒன்றுதான் என்றாலும் அது வேறு புரோகிராம், அதற்கென்று தனியாகத் திறக்கிறது. அதன் நகர்வு என் லூப்பை எப்படிப் பாதிக்கும்?

#10 இரவுப்பணி

நான் புரோகிராமர் இல்லை, இயக்கப் பிரிவில் இருக்கிறேன். தனியாகத் திறக்கிறது என்கிறீர்கள், அதைச் சரிபார்த்தீர்களா? பேட்ச் ஜாப் ஓடும்போது டிஎஸ்பிஜாப் கொடுத்து 14ஆம் தேர்வுக்குப் போங்கள். திறந்திருக்கும் கோப்புகள் வரும். எஃப்11 அழுத்திப் பார்த்தால் அந்தக் கோப்பின் திறப்பு எத்தனை பேரால் பகிரப்படுகிறது, இப்போது எந்த ரிலேட்டிவ் ரெக்கார்டு எண்ணில் (கோப்பில் ரெக்கார்டின் இட எண்) நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். "தாமதம்" அழைக்கும் இடத்தில் டீபக்கில் நிறுத்தி, அழைப்புக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பாருங்கள். கூடவே டிஎஸ்பிஓவிஆர் கொடுத்து அந்த ஜாபில் நடப்பிலுள்ள ஓவர்ரைடுகளையும், அதாவது கோப்பைத் திறக்கும் விதத்தைத் தற்காலிகமாக மாற்றும் கட்டளைகளையும் பாருங்கள்.

#11 தெற்குவாசல்

பார்த்தேன், நன்றி. இன்வ்எல்1 பட்டியலில் ஒரே ஒரு முறைதான் வருகிறது, பகிர்வு எண்ணிக்கை 2. மாதிரி வாடிக்கையாளரின் மூன்றாவது இன்வாய்ஸில் நிறுத்தினேன். அழைப்புக்கு முன் ரிலேட்டிவ் ரெக்கார்டு எண் 4812. "தாமதம்" திரும்பிய மறுகணம் 9377. அது அவருடைய எட்டாவது இன்வாய்ஸின் எண். என் புரோகிராமில் ஒரு வரிகூட ஓடவில்லை, கோப்பு நகர்ந்திருக்கிறது.

டிஎஸ்பிஓவிஆரில் இன்வ்எல்1க்கு ஷேர்(*யெஸ்) இருக்கிறது.

#12 பச்சைத்திரை

அகப்பட்டுவிட்டது. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரியாமல் ரீட்ஈ லூப்பைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம்.

கோப்பில் நாம் நிற்கும் இடம் கோப்புக்குள் இல்லை, நம் புரோகிராமுக்குள்ளும் இல்லை. கோப்பைத் திறக்கும்போது உருவாகும் திறந்த தரவுப் பாதையில் இருக்கிறது. ஓடிபி என்று நாம் சொல்வது அதைத்தான். இரண்டு புரோகிராம்கள் ஒரே கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் இரண்டு பாதை, இரண்டு இடம். ஒன்றின் நகர்வு மற்றொன்றைத் தொடாது. ஷேர்(*யெஸ்) நடப்பில் இருந்தால் இரண்டாவது புரோகிராம் புதுப் பாதையை உருவாக்காமல் முதல் புரோகிராமின் பாதையிலேயே ஏறிக்கொள்கிறது. ஒரே புத்தகத்தை இருவர் படிக்க, பக்க அடையாள நாடா ஒன்றுதான் இருப்பதுபோல.

உங்கள் விஷயத்தில் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். உங்கள் லூப் மூன்றாவது இன்வாய்ஸில் நிற்கிறது. "தாமதம்" அழைக்கப்படுகிறது. அதன் செட்ஜிடி, அந்த வாடிக்கையாளரின் எல்லா ரெக்கார்டுகளையும் தாண்டி நிறுத்துகிறது. ரீட்பிஈ ஒன்று பின்னால் வந்து எட்டாவதைப் படிக்கிறது. ரிட்டர்ன். இப்போது உங்கள் ரீட்ஈ ஓடுகிறது. அது நான்காவதைப் படிக்காது, தான் நிற்கும் எட்டாவதற்கு அடுத்ததைப் பார்க்கும். அது வேறு வாடிக்கையாளர். கீ ஒத்துப்போகவில்லை, ஆகவே %ஈஓஎஃப் ஆன். அந்தப் படிப்பைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். அதனால்தான் பிழைச் செய்தியே வரவில்லை. நான்கு முதல் ஏழு வரை மட்டுமல்லாமல் எட்டாவதும் விடுபட்டதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்த வாடிக்கையாளருக்கு நீங்கள் மறுபடி செட்எல்எல் போடுவதால் லூப் தன்னைத் திருத்திக்கொண்டு தொடர்கிறது. அது இல்லாமல் வெறும் ரீட் லூப்பாக இருந்திருந்தால் கோளாறு இன்னும் பெரிதாகி, முதல் நாளே யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அந்த ஓவர்ரைடு எங்கிருந்து வந்தது என்று, ஜாபின் கட்டங்களை வரிசையாக அழைக்கும் சிஎல் (கட்டளை மொழி) புரோகிராமில் தேடுங்கள். ரெக்கார்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைத் திறக்கும் ஓபிஎன்கியூஆர்ஒய்எஃப் கட்டளை இருக்கும் என்று நினைக்கிறேன்.

#13 தெற்குவாசல்

இருக்கிறது ஐயா. இரவு சிஎல்லின் முதல் கட்டத்தில் வேறொரு அறிக்கைக்காக இன்வ்எல்1க்கு ஓவிஆர்டிபிஎஃப் ஷேர்(*யெஸ்) என்ற ஓவர்ரைடு, அடுத்து ஓபிஎன்கியூஆர்ஒய்எஃப், அறிக்கைப் புரோகிராமின் அழைப்பு, பிறகு கோப்பை மூடும் சிஎல்ஓஎஃப். ஓவர்ரைடை நீக்கும் டிஎல்டிஓவிஆர் இல்லை. என் கணக்கறிக்கைப் புரோகிராம் அதே சிஎல்லில் அடுத்த கட்டம். கமாண்ட் லைனில் ஏன் சரியாக ஓடியது என்பதும் இப்போது புரிகிறது. அங்கே அந்த ஓவர்ரைடே கிடையாது.

#14 இரவுப்பணி

அந்த முதல் கட்டத்தில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. ஓபிஎன்கியூஆர்ஒய்எஃப் திறந்து வைத்த பாதையில் ஒரு புரோகிராம் முடிவுவரை படித்துவிட்டால், இடம் முடிவிலேயே நிற்கும். அதே பாதையில் இரண்டாவது புரோகிராமை அழைத்தால் அதன் முதல் ரீடே முடிவு என்று சொல்லிவிடும், வெற்று அறிக்கை வரும். நடுவில் போஸ்டிபிஎஃப் கொடுத்து *ஸ்டார்ட்டுக்குத் திருப்ப வேண்டும். வெற்று அறிக்கை வந்தது என்று இரவு இரண்டு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#15 மணல்மேடு

வி6ஆர்1 பதிப்பிலிருந்து கோப்பை சப்புரொசீஜருக்குள்ளேயே (புரோகிராமுக்குள் இருக்கும் தனிப் பகுதி) அறிவிக்கலாம். "தாமதம்" வேலையை அப்படி ஒரு சப்புரொசீஜராக எழுதிவிட்டால் அதன் கோப்பு தனி, இடமும் தனி.

அதைவிட நல்லது, இதை எஸ்கியூஎல்லுக்கு மாற்றுவது. கடைசித் தேதிக்கு ஒரே ஒரு செலக்ட் மேக்ஸ். லூப்புக்கு, வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஒரு கர்சர். கர்சரின் இடத்தை வேறு எந்தப் புரோகிராமும் நகர்த்த முடியாது. முடிவுக்கு எஸ்கியூஎல்கோட் 100. இந்தக் கவலை முழுக்கப் போய்விடும்.

#16 பச்சைத்திரை

முதல் யோசனை இங்கே போதாது. சப்புரொசீஜருக்குள் அறிவித்தாலும் அந்தக் கோப்பும் திறக்கப்பட்டாக வேண்டும். திறக்கும் நேரத்தில் இன்வ்எல்1க்கு ஷேர்(*யெஸ்) ஓவர்ரைடு நடப்பில் இருந்தால் அதுவும் அதற்குக் கட்டுப்படும். அறிவிப்பு எங்கே இருக்கிறது என்பதை ஓவர்ரைடு பார்ப்பதில்லை. பகிர்வு இல்லாத சூழலில், ஒரே புரோகிராமுக்குள் ஒரே கோப்பில் இரண்டு இடங்களை வைத்திருக்க அது மிக நல்ல வழிதான்.

எஸ்கியூஎல் யோசனையில் தவறில்லை. கடைசித் தேதிக்கு அது நிச்சயம் பொருத்தம். ஆனால் அங்கேயும் முடிவைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையதுதான். "டூ-அன்டில் எஸ்கியூஎல்கோட் = 100" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கர்சர் திறக்கவே இல்லையென்றால் ஒவ்வொரு ஃபெட்சுக்கும் -501 வரும், 100 வரவே வராது, லூப் நிற்காது. 100 என்றால் முடிவு, மைனஸ் என்றால் பிழை, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தெற்குவாசல், நான் செய்யச் சொல்வது இது. சிஎல்லில் சிஎல்ஓஎஃப்புக்கு அடுத்த வரியாக டிஎல்டிஓவிஆர் ஃபைல்(இன்வ்எல்1). இது இன்றைய பிழையைத் தீர்க்கும். ஆனால் "தாமதம்" எல்லோரும் அழைக்கும் பொதுப் புரோகிராம். நாளை வேறொரு சிஎல்லில் வேறொருவர் ஷேர்(*யெஸ்) வைத்திருப்பார். அதை அழைக்க ஒரு சிறிய சிஎல் உறை போட்டு, அதற்குள் ஓவிஆர்டிபிஎஃப் இன்வ்எல்1 ஷேர்(*நோ) செக்யூர்(*யெஸ்) கொடுங்கள். செக்யூர்(*யெஸ்) என்றால் மேல் மட்டத்தில் கொடுத்த ஓவர்ரைடுகள் கீழே இறங்கி வராது. அழைப்பவர் எதை வைத்திருந்தாலும் "தாமதம்" தன் சொந்தப் பாதையில் திறக்கும்.

அந்த மூலத்தில் நான் பாராட்டும் ஒரு விஷயமும் உண்டு. எல்ஆர் போடாமலே ரிட்டர்ன் ஆகிறது, கோப்பு திறந்தபடியே இருக்கிறது. நூற்றுக்கணக்கான முறை அழைக்கப்படும் புரோகிராமில் ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவது வீண் சுமை என்பதால் அது சரியான முடிவு. ஆனால் அப்படி விட்டால் அடுத்த அழைப்பில் கோப்பு போன முறை விட்ட இடத்திலேயே நிற்கும். இதை எழுதியவர் அது தெரிந்து, படிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் செட்ஜிடி போட்டிருக்கிறார். பலர் அதைச் செய்வதில்லை. முதல் அழைப்பில் வேலை செய்து இரண்டாவதில் ஒன்றும் தராத புரோகிராம் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

#17 புதுவரவு

ஐயா, கோப்பின் முதல் ரெக்கார்டுக்குப் போக எங்கள் பயிற்சியில் "செட்எல்எல் *லோவால்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரவுப்பணி *ஸ்டார்ட் என்கிறார். இரண்டும் ஒன்றா?

#18 பச்சைத்திரை

இல்லை. *லோவால் என்பது கீயின் மிகச் சிறிய மதிப்பு. *ஸ்டார்ட் என்பது கோப்பின் தொடக்கம். ஏறுவரிசைக் கீயில் இரண்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும். இறங்குவரிசைக் கீ உள்ள லாஜிக்கலில், மிகச் சிறிய மதிப்பு கோப்பின் கடைசியில் இருக்கும். அங்கே *லோவால் போட்டு ரீட் செய்தால் எடுத்த எடுப்பிலேயே முடிவு வந்து நிற்கும். இன்வாய்ஸ் தேதியை இறங்குவரிசையில் வைத்த லாஜிக்கல்கள் ஏராளமாக இருக்கின்றன, அதனால் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. ஆர்பிஜியில் செட்எல்எல்லும் *ஸ்டார்ட், *எண்ட் இரண்டையும் ஏற்கும். தொடக்கம்தான் வேண்டுமென்றால் *ஸ்டார்ட் என்றே எழுதுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கீ இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், கீயால் ரெக்கார்டை நேரடியாகப் படிக்கும் செயின் வேண்டாம், செட்எல்எல் போட்டு %ஈக்வல் பாருங்கள். ரெக்கார்டைக் கொண்டுவராது, பூட்டாது. அங்கே %ஃபவுண்ட் பார்த்துவிடாதீர்கள். அதே கீயோ அதைவிடப் பெரிய கீயோ ஏதாவது ஒன்று இருந்தாலே செட்எல்எல் %ஃபவுண்டை ஆன் செய்துவிடும். இல்லாத வாடிக்கையாளர் எண்ணையெல்லாம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளும் திரைகள் அப்படித்தான் உருவாகின்றன.

#19 மணல்மேடு

செயின் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். செயின் வெற்றி பெற்றால் கோப்பின் இடத்தையும் அங்கே மாற்றிவிடும். ஒரு வாடிக்கையாளர் எண்ணால் செயின் செய்து, %ஃபவுண்ட் என்றதும் ரீட்ஈ லூப்பைத் தொடங்கினால், முதல் ரெக்கார்டு லூப்பில் வராது. ரீட்ஈ இரண்டாவதிலிருந்து தொடங்கும். இருக்கிறதா என்று பார்க்கச் செட்எல்எல் போட்டிருந்தால் இந்த இழப்பு இல்லை.

#20 தெற்குவாசல்

டிஎல்டிஓவிஆர் சேர்த்து, "தாமதம்" அழைப்புக்குச் சிஎல் உறையும் போட்டு, சோதனைச் சூழலில் முழு இரவு ஓட்டத்தையும் ஓட்டினேன். கணக்கறிக்கைகளின் மொத்தமும் நிலுவைப் பேரேட்டின் மொத்தமும் காசு சுத்தமாகப் பொருந்துகின்றன. %ஈஓஎஃப்புக்குக் கோப்பின் பெயரையும் சேர்த்துவிட்டேன். முந்தைய மாதங்களில் குறைவாக அச்சான அறிக்கைகளின் பட்டியலைத் தயாரித்துக் கணக்குப் பிரிவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இதையடுத்து ஓடும் புரோகிராம், அச்சான இன்வாய்ஸ்களில் ஒரு குறி போடுகிறது. கோப்பு அப்டேட் வகை, அதே ரீட்ஈ லூப். ஒரு வாடிக்கையாளரின் கடைசி இன்வாய்ஸ் முடிந்ததும் சில சமயம் ஒரு நிமிடம் அப்படியே நின்று, 1218 நிலையோடு (ரெக்கார்டு பூட்டப்பட்டிருக்கிறது) விழுகிறது. அடுத்த வாடிக்கையாளரின் ரெக்கார்டை யாரோ திரையில் திறந்து வைத்திருப்பதுதான் காரணம் என்று தெரிகிறது. ஆனால் அந்த ரெக்கார்டு என் கீயே இல்லையே, அதன் பூட்டுக்காக என் ரீட்ஈ ஏன் காத்திருக்க வேண்டும்?

#21 பச்சைத்திரை

கீ ஒத்துப்போகிறதா என்று பூட்டாமலே பார்க்கும் வசதி தரவுத்தள அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலும் ரீட்ஈ அதைத்தான் பயன்படுத்தும். சில சூழல்களில் அது முடியாது. நடப்பு ரெக்கார்டின் கீயில் நல் (null, வெற்று) மதிப்பு இருந்தாலோ, முடிவு வந்ததும் உடனே சொல்லாமல் காத்திருந்து பார்க்கச் சொல்லும் ஈஓஎஃப்டிஎல்ஒய் ஓவர்ரைடைக் கோப்புக்குக் கொடுத்திருந்தாலோ, ஆர்பிஜி அடுத்த ரெக்கார்டைத் தற்காலிகமாகப் பூட்டிப் படித்த பிறகே கீயை ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடும். ஆனால் பூட்டு கிடைக்கும்வரை காத்திருந்தாக வேண்டும். அந்த ஒரு நிமிடம், கோப்பின் வெயிட்ரெக் மதிப்பான 60 விநாடி.

லூப்பில் ரீட்ஈ(என்) போடுங்கள், பூட்டாமல் படிக்கும். குறி போட வேண்டிய இன்வாய்ஸை மட்டும் முழுக் கீயால் செயின்(ஈ) செய்து (பிழை வந்தால் புரோகிராம் விழாது, நாமே சோதிக்கலாம்) பூட்டி, அப்டேட் செய்யுங்கள். வாடிக்கையாளர் எண்ணோடு இன்வாய்ஸ் எண்ணும் சேர்ந்து ஒரே ரெக்கார்டைத்தான் குறிக்கிறது என்பதால் செயின் உங்களை அதே இடத்தில்தான் நிறுத்தும். கீ தனித்துவமானதாக இல்லாவிட்டால் இதைச் செய்யக்கூடாது. செயின் அதே கீயுள்ள முதல் ரெக்கார்டுக்குத் திரும்பிப் போய்விடும், லூப் முடியாது.

செயின் தோற்றால், அதாவது பூட்டு கிடைக்கவில்லை அல்லது இதற்குள் யாரோ ரெக்கார்டை நீக்கிவிட்டார்கள் என்றால், கோப்பின் இடம் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே முழுக் கீயால் செட்ஜிடி போட்டு இடத்தை மீட்டுக்கொண்டு, பிறகு அடுத்த ரீட்ஈ(என்).

#22 தெற்குவாசல்

நன்றி ஐயா. சிஎல்லைப் பார்த்தேன், அந்தக் கட்டத்தில் ஈஓஎஃப்டிஎல்ஒய் இருக்கிறது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று அங்கே குறிப்பு எதுவும் இல்லை. விசாரித்த பிறகுதான் எடுப்பேன். அதுவரை நீங்கள் சொன்னபடி ரீட்ஈ(என்), செயின்(ஈ), தோற்றால் செட்ஜிடி. பூட்டு கிடைக்காத இன்வாய்ஸ்களைத் தனிக் கோப்பில் எழுதி, காலையில் குறி போடும்படி மாற்றியிருக்கிறேன்.